சாவி யார் கையில்?



தீபத்துக்குச் சரக்கு இறக்க ஆடியிலேயே கணக்குப் போடுகிறோம். நமக்குப் பின் கடைச் சாவி யாருக்கு என்று கணக்குப் போடுவதில்லை. தேரடி வீதி நண்பர் ஒருவர் உயில் எழுதாமல் காலமானார். பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போனார்கள். பூட்டிய கடைக்குள் அரிசி மூட்டைகள் வண்டு பிடித்தன.

தமிழ்நாட்டு வழக்கு ஒன்று. 1938இல் ஏலத்தில் நிலம் வாங்கியவர் உயிலின்றி இறந்தார். மகளுக்கு உரிமை உண்டா என்ற வழக்கு 1994இல் கீழ்க்கோர்ட்டில் தோற்று, 2022 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டில்தான் ஜெயித்தது. அப்போது அந்த மகளே உயிரோடில்லை.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, செய்வது நல்லது. இரண்டு சாட்சிகள் கையெழுத்து அவசியம். நம்மைவிட இளையவர்களாக, சொத்தில் பங்கில்லாதவர்களாகப் பாருங்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு உண்டு. நம் பங்குக்கு மட்டுமே உயில் எழுதலாம். இது இந்துக்களுக்கு, முஸ்லிம் சகோதரர்களுக்குச் சட்டம் வேறு.

கூட்டு வியாபாரமா? வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1932ஆம் வருடச் சட்டப்படி பங்குதாரர் இறந்தால் கூட்டு கலைந்துவிடும். பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

வக்கீல் சிவில் வழக்கு நடத்துபவரா என்று விசாரியுங்கள். பீஸை முன்னதாகவே பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஜெயித்தால் சொத்தில் பங்கு கேட்பவர் வேண்டாம். பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. மூலப் பத்திரம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். வழக்கு வந்துவிட்டால் லோக் அதாலத்தில் சமரசம் பேசலாம். கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பும், அப்பீலும் இல்லை.

நானும் அறுபது தாண்டும்வரை தள்ளிப்போட்டவன்தான். போன மாதம் எழுதி முடித்தேன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். நீங்களும் தூங்க வேண்டும்.