வேலைக்குப் போக ஒரு மோட்டார் சைக்கிள்: 35 கிலோவாற் போதுமா?

சென்ற இதழில் குளிர்கால மூட்டுவலி பற்றிப் பார்த்தோம். இம்முறை மோட்டார் சைக்கிள். உடல்நலப் பக்கத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்குக் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சில வாரங்களுக்கு முன் எமக்குத் தெரிந்த அக்கா ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மகனுக்கு 22 வயது. ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகே ஒரு களஞ்சியத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அதிகாலை நாலரைக்கு வேலை தொடங்கும். அந்த நேரத்தில் அவர்கள் பக்கத்தில் ரயில் இல்லை. இரவு பஸ் இரண்டு மாறிப் போக ஒன்றரை மணித்தியாலம். கார் வாங்கலாம் என்றால் அந்த வயதுக்குக் காப்புறுதிக் கட்டணம் சம்பளத்தைத் தின்றுவிடும். ஆகவே மகன் மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறானாம். "தம்பி, நீங்கள் எத்தனை பேரின் உடைந்த கால்களுக்குப் பயிற்சி கொடுத்திருப்பீர்கள். நீங்கள் சொன்னால் கேட்பான். வேண்டாம் என்று சொல்லுங்கோ" என்றார்.

நான் இயன்மருத்துவராக வேலை செய்பவன். அக்கா சொன்னது உண்மைதான், அப்படியான கால்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த வண்டி என்று அவனோடு கதைத்துப் பார்க்கிறேன் என்றேன். அந்தக் கதையில் வந்த விடயங்கள் மற்றக் குடும்பங்களுக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அக்காவின் பயத்தில் நியாயம் உண்டு. 2023-ம் ஆண்டில் பிரித்தானிய வீதிகளில் இறந்தவர்கள் 1,624 பேர். அவர்களில் 315 பேர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள், அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். வீதியில் ஓடும் வாகனப் போக்குவரத்தில் மோட்டார் சைக்கிள்களின் பங்கோ 1 சதவீதமளவுதான். இதைப் பிள்ளையிடம் மறைக்கவும் கூடாது, இதைச் சொல்லி வாயை அடைக்கவும் கூடாது. ஏனென்றால் 22 வயதுப் பிள்ளை வேண்டாம் என்ற சொல்லுக்காக நிற்கப் போவதில்லை. சொல்லாமல் வாங்குவான். அப்போது எங்களோடு கதைத்துத் தெரிவு செய்யவும் மாட்டான்.

சட்டம் சொல்வது

17 வயதில் சிபிற்றி எனப்படும் அடிப்படைப் பயிற்சியை முடித்தால் 125 சிசி வண்டியை எல் பலகையுடன் ஓடலாம். மோட்டார்வேயில் போக முடியாது, பின்னால் ஆள் ஏற்றவும் முடியாது. அந்தச் சான்றிதழ் 2 வருடங்களுக்குத்தான் செல்லும். 19 வயதிலிருந்து ஏ2 அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். எழுத்துப் பரீட்சை ஒன்று, ஓட்டப் பரீட்சை இரண்டு. 2013 ஜனவரி முதல் உள்ள விதிப்படி ஏ2 வண்டியின் வலு 35 கிலோவாற்றைத் தாண்டக்கூடாது. ஏறத்தாழ 47 குதிரை வலு. ஒரு கிலோ எடைக்கு 0.2 கிலோவாற்றுக்கு மேல் போகவும் கூடாது. ஆகவே முழு 35 கிலோவாற்றும் வேண்டுமென்றால் வண்டி குறைந்தது 175 கிலோ இருக்க வேண்டும். கட்டுப்பாடில்லாத வண்டியை ஏ2-வில் இரண்டு வருடம் கழிந்தபின் மறுபடி ஓட்டப் பரீட்சை எழுதியோ, 24 வயதில் நேரடியாகவோ எடுக்கலாம்.

மகனுக்கு இது பெரிய மனக்குறை. "அங்கிள், 47 குதிரையை வைத்து என்ன செய்வது?" என்றான். நாங்கள் ஊரில் எம்டி 90-ல் யாழ்ப்பாணம் முழுக்கச் சுற்றினோம் என்று சொல்லவந்து வாயை மூடிக்கொண்டேன். அவன் சிரித்திருப்பான். ஆனால் 35 கிலோவாற் வண்டிகள் மோட்டார்வேயின் 70 மைல் எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். வேலைக்குப் போய்வர வலு ஒரு பிரச்சினையே அல்ல.

பிரச்சினை எங்கே?

1999, 2000-ம் ஆண்டுகளில் ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் 921 மோட்டார் சைக்கிள் விபத்துகளை இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். மெய்ட்ஸ் ஆய்வு என்பார்கள். மோதிய நேரத்தில் பத்தில் ஏழு வண்டிகளின் வேகம் மணிக்கு 50 கிலோமீற்றருக்கும் குறைவு. மோதப்பட்டது பெரும்பாலும் ஒரு கார். பாதி விபத்துகளில் முதற்காரணம் மற்ற வாகன ஓட்டுநரின் தவறு. அதாவது நாம் கற்பனை செய்வதுபோல் நூறு மைல் வேகத்தில் பறந்து விழுவது அல்ல. காலையில் சந்தியில் நிற்கும் கார்க்காரர் மோட்டார் சைக்கிளைக் கவனிக்காமல் குறுக்கே திருப்பிவிடுகிறார், அவ்வளவுதான்.

30 மைல் வேகத்தில் போகும் வாகனம் நிற்க 23 மீற்றர் வேண்டும் என்று ஹைவே கோட் சொல்கிறது. அதில் 9 மீற்றர் நாம் யோசிக்கும் நேரத்திலேயே போய்விடும். மிச்சம் உள்ள 14 மீற்றரில் உயிரைக் காப்பது பிறேக். பயத்தில் முன் பிறேக்கை இறுக்கிப் பிடித்தால் சில்லு பூட்டிக்கொள்ளும். பூட்டிய முன்சில்லோடு இரண்டு சில்லு வாகனம் நிமிர்ந்து நிற்காது, ஆள் விழுந்துவிடுவார். ஈர வீதி, இலையுதிர் காலத்து இலைகள், இரும்பு மூடிகள் என்றால் சொல்லவே வேண்டாம். ஏபிஎஸ் உள்ள வண்டியில் சில்லு பூட்டப் போவதை உணர்கருவி கண்டு, பிறேக் அழுத்தத்தை ஒரு நொடியில் பல தடவை விட்டுவிட்டுக் கொடுக்கும். புதிதாக ஓடுபவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவகத்தின் கணக்கில், ஏபிஎஸ் உள்ள மொடல்களில் உயிர்போகும் விபத்துகள் ஏபிஎஸ் இல்லாத அதே மொடல்களை விட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு.

2017 தொடக்கம் இங்கு புதிதாக விற்கப்பட்ட 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம். அதற்கு முந்திய பழைய வண்டி மலிவாகக் கிடைக்கிறதென்றால் ஏபிஎஸ் இருக்கிறதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, வண்டி நகரத் தொடங்கியதும் அணைய வேண்டும். விளக்கே எரியவில்லை என்றாலும், அணையவே இல்லை என்றாலும் விலகி நில்லுங்கள். சில நூறு பவுண் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

உடம்புக்கு ஏற்ற வண்டி

என்னிடம் வரும் மோட்டார் சைக்கிள்காரர்களில் பலர் மோதியவர்கள் அல்ல. வண்டி நின்ற இடத்தில் சரிந்து, அதைத் தாங்கப் போய் முதுகையோ முழங்காலையோ மணிக்கட்டையோ கெடுத்துக்கொண்டவர்கள். எங்களில் பலர் அவ்வளவு உயரமானவர்கள் அல்லர். ஆகவே கடைக்குப் போகும்போது ஓடப்போகும் அதே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போங்கள். ஏறி இருந்து, இரண்டு காலின் முன்பாதமும் நிலத்தில் நன்றாகப் பதிகிறதா என்று பாருங்கள். பிறகு இறங்கி வண்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். ஒரு சிறு சரிவில் தள்ள முடியாவிட்டால் அது உங்கள் வண்டி அல்ல. அதிகாலை மூன்றரைக்கு வீட்டு முற்றத்தில் நீங்கள் தனியாகத்தான் தள்ளப்போகிறீர்கள்.

மகன் ஆசைப்பட்டது பந்தய வண்டி போல் குனிந்து ஓடுவதை. அதன் கைபிடிகள் தாழ்வாக இருக்கும். மேலுடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்கும், முன்னே பார்க்கக் கழுத்தைப் பின்னால் மடிக்க வேண்டும். திறந்த வீதியில் வேகமாகப் போகும்போது காற்று நெஞ்சைத் தாங்குவதால் தெரியாது. லண்டன் நெரிசலில் நின்று நின்று போகும்போதுதான் தெரியும். களஞ்சியத்தில் எட்டு மணித்தியாலம் பெட்டி தூக்கியபின் அந்த மணிக்கட்டோடு கிளச் பிடித்துப் பாருங்கள். அவனைக் கடையில் அந்த வண்டியில் 15 நிமிடம் அசையாமல் இருக்கச் சொன்னேன். பத்தாவது நிமிடத்தில் கையை உதறத் தொடங்கினான். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நிமிர்ந்து இருந்து ஓடும் வண்டிகளில் ஹொண்டாவின் 500 வரிசை (471 சிசி) ஏ2 விதிக்கென்றே அமைந்தது போன்றது. எடை சுமார் 190 கிலோ, லீற்றருக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். அதே இயந்திரம் கொண்ட ரெபெல் 500-ன் இருக்கை 690 மில்லிமீற்றர் உயரம்தான். கட்டையானவர்கள், குறிப்பாக எங்கள் பெண்பிள்ளைகள், அதில் இருந்து பார்க்கலாம். தமிழ்நாட்டுக்காரருக்கு ஒரு சந்தோசம்: பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர், ஓசூரில் டிவிஎஸ் நிறுவனம் செய்து கொடுத்த வண்டி. 25 கிலோவாற்தான், ஆனால் எடை 160 கிலோ அளவு என்பதால் புதியவர் கையில் அடங்கும். பழைய வண்டியாகத் தேடலாம். ரோயல் என்ஃபீல்ட் 650-ம் சென்னைப் பக்கத்தில் இருந்து வருவதுதான், 47 குதிரை வலு. பார்க்க அழகு. ஆனால் 200 கிலோவைத் தாண்டும், ஆகவே முன் சொன்ன தள்ளும் பரீட்சையைக் கட்டாயம் செய்யுங்கள்.

இளைஞர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தும் சொல்கிறேன். தினமும் மழையில் வேலைக்குப் போக, யமஹா எக்ஸ்மக்ஸ் 300 போன்ற ஸ்கூட்டர்தான் இவை எல்லாவற்றிலும் புத்தியான தெரிவு. கிளச் இல்லை. முன்பலகை காலுக்கு மழையையும் குளிர்காற்றையும் மறைக்கும். இருக்கைக்குக் கீழே சாப்பாட்டுப் பெட்டி வைக்கலாம்.

பெரிய வண்டியை வாங்கி வலுவைக் குறைத்து ஓடும் வழியும் உண்டு. மூல வலு 70 கிலோவாற்றுக்கு மேற்படாத வண்டியை 35-க்குக் குறைக்கலாம். முழு அனுமதி கிடைத்ததும் கட்டுப்பாட்டை நீக்கிவிடலாம் என்பது வசதி. எனக்கு இதில் விருப்பமில்லை. வலுதான் குறையும், எடை குறையாது. புதியவருக்கு முதல் இரண்டு வருடமும் தேவைக்கு மேற்பட்ட பாரம். இதைவிட, அனுமதி வருமுன் கட்டுப்பாட்டைக் கழற்றச் சொல்லும் நண்பர்கள் எங்கும் இருப்பார்கள். கழற்றினால் அது அனுமதிப்பத்திரத்துக்கு மாறாக ஓடுவது. காப்புறுதியும் செல்லாமல் போகலாம். யாரையாவது மோதிவிட்டால் வீட்டையே விற்க வேண்டிய நிலை வரும்.

குளிர், காது, நித்திரை

வெப்பநிலை 5 பாகையாக இருக்கும்போது 50 மைல் வேகத்தில் போனால் வெறும் தோலில் படும் குளிர், சுழியத்துக்குக் கீழே 3 பாகை போல இருக்கும். விறைத்த விரல் பிறேக்கை மெதுவாகத்தான் பிடிக்கும். சூடாகும் கைபிடிகள் சொகுசுப் பொருள் அல்ல, வண்டி வாங்கும்போதே கேளுங்கள். தலைக்கவசத்துக்குள் காற்றின் இரைச்சல் மோட்டார்வே வேகத்தில் 100 டெசிபெலை நெருங்கும். வேலைத்தலங்களில் 85 தாண்டினாலே காதுப் பாதுகாப்பு கட்டாயம். சில பென்சுக்குக் கிடைக்கும் பஞ்சு அடைப்பான்களைக் காதில் வையுங்கள். கெட்ட காது திரும்பி வராது.

1935-ல் மோட்டார் சைக்கிளில் விழுந்து இறந்த ரி. ஈ. லோரன்ஸுக்குச் சிகிச்சை அளித்த வைத்தியர்களில் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ். தலைக்கவசம் உயிர்காக்கும் என்று 1941-ல் ஆய்வுக்கட்டுரை எழுதியவர் அவர்தான். இன்று தலைக்கவசங்களுக்குப் பிரித்தானியப் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஷார்ப் திட்டம் 1 முதல் 5 வரை நட்சத்திரம் கொடுக்கிறது. விலை கூடியதெல்லாம் 5 நட்சத்திரம் பெறுவதில்லை. கன்னத்தை இறுக்கிப் பிடிக்கும் அளவில் வாங்குங்கள். மற்றவர் பாவித்ததை வாங்கவே வேண்டாம். உடுப்பில் ஏஏ அல்லது ஏஏஏ என்ற தரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். வீதியில் சாதாரண ஜீன்ஸ் தேய்ந்துபோக ஒரு கணம் போதும்.

இரவு வேலை முடித்து வருபவர்கள் கவனிக்க: காரில் கண் அயர்ந்தால் சில வேளை வீதியோரக் கோடு அதிர்ந்து எழுப்பும். மோட்டார் சைக்கிளில் அந்தச் சந்தர்ப்பம் கிடையாது. வேலைத்தலத்திலேயே 20 நிமிடம் தூங்கிவிட்டுப் புறப்படுங்கள். ஒவ்வாமைக்கு நம் வீடுகளில் வைத்திருக்கும் பிரிற்றன் மாத்திரை நித்திரையைத் தரும், அதைப் போட்டுவிட்டு ஓடாதீர்கள்.

எங்களில் நீரிழிவு அதிகம் என்பதால் இதையும் சேர்க்கிறேன். இன்சுலின் எடுப்பவர்கள் டிவிஎல்ஏ-க்கு அறிவிக்க வேண்டும். புறப்பட முன் 2 மணித்தியாலத்துக்குள் சீனி பார்க்க வேண்டும், நீண்ட பயணமென்றால் 2 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. 5 அல்லது அதற்குக் கீழ் என்றால் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். 4-க்குக் கீழ் என்றால் ஓடவே கூடாது. சீனி சரியானபின்னும் 45 நிமிடம் பொறுக்க வேண்டும். கிளிக்கிளசைட் எடுப்பவர்களுக்கும் சீனி இறங்கலாம், வைத்தியரிடம் கேளுங்கள்.

மகன் கடைசியில் 2018-ம் ஆண்டு ஹொண்டா 500 ஒன்றை எடுத்தான். நான் சொன்ன ஸ்கூட்டரை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. அக்கா சூடாகும் கைபிடிக்கும் கையுறைக்கும் காசு கொடுத்தார். காவல்துறை நடத்தும் பைக்சேஃப் வகுப்புக்குப் போவதாகவும் ஒத்துக்கொண்டிருக்கிறான்.

கடைசியாகக் காப்புறுதி. விண்ணப்பத்தில் "வேலைக்குப் போய்வர" என்பதைச் சேர்க்க மறக்காதீர்கள். சாப்பாடு விநியோகம் செய்யும் மாணவர்களுக்கு அதுவும் போதாது, அதற்குத் தனிக் காப்புறுதி வேண்டும். ஊரில் எடுத்த அனுமதிப்பத்திரம், இங்கு குடியேறி 12 மாதம் கழிந்தபின் செல்லாது. இலங்கை, இந்திய அனுமதிப்பத்திரங்களை இங்கத்தையதாக மாற்றவும் முடியாது. ஊரில் இருபது வருடம் ஓடியவரும் சிபிற்றியில் இருந்துதான் தொடங்க வேண்டும்.