சூடு குறைந்த கொதி, கலையாத மணம்

தங்காக்கில் நின்றாலே கண்ணில் படும் லேடாங் மலையின் உயரம் 1,276 மீட்டர். அதன் உச்சியில் அடுப்பு மூட்டினால், தண்ணீர் ஏறத்தாழ 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதுதான் காரணம். ஒரு குடுவையை இறுக மூடி, பம்பு வைத்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சினால் அழுத்தத்தை இன்னும் வெகுவாகக் குறைக்கலாம். 123 மில்லிபாரில் தண்ணீர் 50 டிகிரியில் கொதிக்கும். 74 மில்லிபாருக்கு இறக்கினால் 40 டிகிரியே போதும். வெற்றிட வடிகலனின் சூத்திரம் இவ்வளவுதான்.

தே தாரிக் குடிப்பவர்களுக்கு இது அந்நியமல்ல. டின்பால் பிறந்ததே இப்படித்தான். பாலை வெற்றிடத்தில் வற்றவைக்கும் முறைக்கு அமெரிக்காவின் கெயில் போர்டன் 1856இல் காப்புரிமை பெற்றார். வடிப்பதும் நமக்குப் பழைய வேலை. சித்த மருத்துவத்தின் 32 அகமருந்துகளில் தீநீரும் ஒன்று. அதை வடிக்கும் கலத்துக்கு வாலை என்று பெயர்.

வாலையின் எளிய வடிவம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. பெரிய சட்டியில் தண்ணீர் விட்டு, நசுக்கிய செராய்த் தண்டுகளைப் போட்டு, நடுவில் ஒரு கிண்ணத்தை உயர்த்தி வையுங்கள். மூடியைக் கவிழ்த்து மூடி, அதன்மேல் ஐஸ் கட்டிகளைக் குவியுங்கள். ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, பிடிக்குமிழ் வழியே சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் இறங்கும். செராய், ஓமம், கிராம்பு மூன்றுக்கும் இது போதும். இவற்றின் எண்ணெய்கள் நீராவியோடு நன்றாகவே ஏறிவரும். மேசைமேல் வைக்கும் மின்சார வடிகலனும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஐஸ் மாற்றும் சிரமம் மிச்சம். சூடு அதே 100 டிகிரிதான்.

வெற்றிடத்தின் அருமை தெரிவது பூவிலும் பழத்திலும்தான். புங்கா கந்தான் பூவை வேகவைத்தால் அதன் பச்சை வாசம் மாறிவிடுகிறது. மாம்பழத்தைக் கொதிக்கவிட்டால் ஜாம் வாடை வந்துவிடும். 40 டிகிரியில் வடித்தால் பறித்த மணம் பெரும்பாலும் தங்கும்.

எது ஏறும், எது தங்கும் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். ஆவியாகும் நீரும் மணமும் மட்டுமே மேலே ஏறும். உப்பு, சர்க்கரை, எலுமிச்சையின் புளிப்பு, நிறம், மிளகாயின் உறைப்பு எல்லாம் குடுவையிலேயே தங்கிவிடும். சிலி பாடியை வடித்தால் மிளகாய் மணக்கும், நாக்கு எரியாது. நியூயார்க்கின் காக்டெயில் வல்லுநர் டேவ் அர்னால்டு ஹபனேரோ மிளகாயில் இதைச் செய்து காட்டினார். ஸ்பெயினின் சமையல் கலைஞர் ஜுவான் ரோக்கா ஈரமண்ணையே வடித்து, அந்த மணத்தைச் சிப்பியோடு பரிமாறினார். குடுவையில் மிஞ்சுவதையும் கொட்ட வேண்டாம். லீமாவ் கஸ்தூரிச் சாறு வெந்த வாடையில்லாமல் பாகாகச் சுண்டியிருக்கும்.

சிக்கல் நம் ஊர் வெப்பத்தில் இருக்கிறது. குளிர்நாடுகளில் குழாய்த் தண்ணீரே ஆவியைக் குளிர்விக்கும். ஜொகூரில் குழாயைத் திறந்தால் வருவது 28 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான நீர். 40 டிகிரி ஆவி அதில் சரியாகப் படியாமல் பம்புக்குள் ஓடிவிடும், மணமும் அதோடு போய்விடும். ஓயாமல் ஐஸ் தண்ணீர் சுற்ற வேண்டும். நீரோட்டத்தால் உறிஞ்சும் மலிவான பம்பும் இந்தத் தண்ணீரில் 38 மில்லிபாருக்குக் கீழே இறங்காது. சுழலும் குடுவை கொண்ட ஆய்வுக்கூட வடிகலன் அருமையாக வேலை செய்யும். அதன் விலையோ குடும்பத்துக்கு எட்டாது.

ஜாம் பாட்டிலை வைத்துச் சோதனை செய்துவிடாதீர்கள். வெற்றிடமான கண்ணாடியின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ ஒரு கிலோ எடை அழுத்துகிறது. கீறல் இருந்தால் உள்நோக்கி நொறுங்கிச் சிதறும். 40 டிகிரியில் கிருமிகளும் சாகாது; அதனால் மிஞ்சிய பாகை உடனே குளிர்பெட்டியில் வைத்து, சில நாளில் தீர்த்துவிட வேண்டும்.

சாராயம் மட்டும் வேண்டவே வேண்டாம். உரிமமின்றி மது வடிப்பது மலேசியாவில் குற்றம். சம்சு நம் தோட்டங்களில் எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்பது நமக்குத் தெரியும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மது பல உயிர்களைக் குடித்தது. வெற்றிடத்தில் வடித்தாலும் மெத்தனால் தானாக விலகாது.

உணவகம் நடத்துபவர், கந்தானும் மாம்பழமும் தினமும் கையாள்பவர் என்றால் வெற்றிட வடிகலன் வாங்கலாம். வீட்டுக்கு என் பரிந்துரை கவிழ்த்த மூடிதான். இறக்கிய ரசத்தில் ஒரு கரண்டி செராய்த் தீநீர் விட்டுப் பாருங்கள்.