பார்வையற்றோருக்கு பேசும் கம்ப்யூட்டர்: கை வசதிக்கு ஏற்ப 'ஷார்ட்-கட் கீ' மாற்றுவது எப்படி?

கண் தெரியாதவர்களுக்கு கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்ட காலம் மலையேறி விட்டது. டைப்பிங் வேலை, பேங்க், கால் சென்டர், அரசு அலுவலகம் என்று பல இடங்களில் பார்வையற்றவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். இவர்களுக்கு மவுஸ் வேண்டாம். மானிட்டர் எரிகிறதா, அணைந்து கிடக்கிறதா என்ற கவலையும் கிடையாது. கீ-போர்டும் ஒரு ஹெட்-போனும் இருந்தால் போதும்.

இதற்கு உதவுவது 'ஸ்கிரீன் ரீடர்' என்ற சாப்ட்வேர். இது போட்டோ எடுத்து படிப்பதாக சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இப்போது கர்சர் எந்த இடத்தில் நிற்கிறது, அது பட்டனா, கட்டமா, அதில் என்ன எழுதி இருக்கிறது என்று வின்டோசிடமே கேட்டு, வரும் பதிலை குரலாக மாற்றி காதில் சொல்லும். ஒவ்வொரு தகவலுக்கும் தனித்தனி கீ உண்டு. மணி கேட்க ஒன்று, பேட்டரி எவ்வளவு என்று கேட்க ஒன்று, தலைப்பை படிக்க ஒன்று என்று நூற்றுக்கும் மேல் இருக்கின்றன.

இதில்தான் சிக்கலே. சாப்ட்வேர் செய்தவர்கள் கொடுத்த கீ எல்லோர் கைக்கும் ஒத்து வருவது இல்லை. பல சின்ன லேப்-டாப்களில் வலது பக்க நம்பர் கீ வரிசையே இருக்காது. எப்-12 தட்ட வேண்டும் என்றால் கூடவே 'எப்.என்.' கீயையும் அழுத்த வேண்டும். வெடி விபத்தில் கண்ணோடு கை விரல்களையும் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு கையை வைத்துக் கொண்டு 3 கீயை ஒரே நேரத்தில் அழுத்து என்றால் என்ன செய்வார்கள்? பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு, ஒவ்வொரு முறையும் கீயை தேடி கை அலைந்தால் அன்றைய சம்பளத்தில்தான் கை வைக்கும்.

ஆனால் இந்த கீக்களை இஷ்டத்துக்கு மாற்றிக் கொள்ளலாம் என்பது பல பேருக்கு தெரிவது இல்லை. நாலு கீ சொல்லிக் கொடுத்து அனுப்பி விடுகிற பயிற்சி வகுப்புகளில் இந்த பாடம் வருவதே இல்லை. காசு செலவு எதுவும் இல்லை, கால் மணி நேர வேலை.

மோட்டார் சைக்கிள் வீரர் கொண்டு வந்தது

ஸ்கிரீன் ரீடர்களில் பெயர் பெற்றது 'ஜாஸ்'. இதை கொண்டு வந்தவர் அமெரிக்காவை சேர்ந்த டெட் ஹென்டர். மோட்டார் சைக்கிள் பந்தய வீரரான இவர் 1978-ம் ஆண்டு கார் விபத்தில் பார்வையை இழந்தார். மனம் தளராமல் கம்ப்யூட்டர் படித்தார். 1989-ல் 'ஜாஸ்' வெளிவந்தது. சென்னையை சேர்ந்த பெனோ ஜெபின் இந்த 'ஜாஸ்' உதவியோடுதான் படித்து, 2015-ல் நாட்டின் முதல் முழு பார்வையற்ற ஐ.எப்.எஸ். அதிகாரி ஆனார்.

'ஜாஸ்' நல்ல சாப்ட்வேர்தான். ஆனால் விலை பல ஆயிரம் ரூபாய். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு கட்டுப்படியாகாது.

இதற்கு வழி செய்தவர்கள் ஆஸ்திரேலியாவை சேர்ந்த மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டெ என்ற 2 வாலிபர்கள். இருவருமே பார்வையற்றவர்கள். 2006-ல் மைக்கேல் தொடங்கிய அந்த இலவச சாப்ட்வேர்தான் 'என்.வி.டி.ஏ.'. அதை இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் இறக்கிக் கொள்ளலாம். தமிழும் பேசும். இங்கே சொல்லப்படும் முறை இந்த என்.வி.டி.ஏ.வுக்கு உரியது.

முதலில் 'தலைவர்' கீயை மாற்றுங்கள்

என்.வி.டி.ஏ.வுக்கு என்று ஒரு கீ உண்டு. அதை அழுத்திக் கொண்டு மற்ற எழுத்தை தட்டினால்தான், இது டைப் அடிப்பது அல்ல, தனக்கு போட்ட உத்தரவு என்று சாப்ட்வேர் புரிந்து கொள்ளும். வழக்கமாக இது 'இன்செர்ட்' கீ. லேப்-டாப்பில் அது மூலையில் எங்கேயோ இருக்கும். சிலவற்றில் தனியாக இருக்கவே இருக்காது.

இதற்கு பதில் 'கேப்ஸ் லாக்' கீயை வைத்துக் கொள்ளலாம். இடது கை சுண்டு விரலுக்கு பக்கத்திலேயே இருப்பதால் சுலபம். என்.வி.டி.ஏ. கீ, கன்ட்ரோல், கே மூன்றையும் சேர்த்து தட்டினால் கீ-போர்டு செட்டிங் திறக்கும். அதில் 'கேப்ஸ் லாக்'கை டிக் செய்து ஓ.கே. கொடுத்தால் முடிந்தது. அதே இடத்தில் 'டெஸ்க்-டாப்', 'லேப்-டாப்' என்று 2 அமைப்பு இருக்கும். நம்பர் கீ வரிசை இல்லாதவர்கள் 'லேப்-டாப்' அமைப்புக்கு மாறி விடுவது நல்லது.

அப்படியானால் பெரிய எழுத்து அடிக்க கேப்ஸ் லாக் வேண்டுமே என்று கேட்கலாம். அதை விரைவாக 2 முறை தட்டினால் பழைய வேலையை செய்யும்.

சொந்த கீ அமைக்கும் முறை

மணி கேட்பதையே உதாரணமாக எடுத்துக் கொள்ளலாம். என்.வி.டி.ஏ. கீயுடன் எப்-12 தட்டினால் மணி சொல்லும். 2 முறை தட்டினால் தேதி சொல்லும். நேரம் பார்த்து வேலை முடிக்க வேண்டியவர்களுக்கு அடிக்கடி தேவைப்படும் கீ இது. லேப்-டாப்பில் எப்.என். கீயும் சேர்ந்தால் இது 3 கீ ஆகி விடுகிறது. அதை 'இசட்' எழுத்துக்கு மாற்ற வேண்டும் என்று வைத்துக் கொள்வோம்.

மாற்றும் முன்னால் அந்த கீ சும்மா கிடக்கிறதா என்று பார்த்து விட வேண்டும். என்.வி.டி.ஏ. கீயுடன் 1 தட்டினால் 'இன்புட் ஹெல்ப்' வரும. அதன்பிறகு எந்த கீயை தட்டினாலும் வேலை நடக்காது, அந்த கீ என்ன வேலை செய்யும் என்று மட்டும் சொல்லும். இசட் தட்டும்போது வேறு விளக்கம் எதுவும் சொல்லாவிட்டால் அது காலி. மறுபடி 1 தட்டி வெளியே வந்து விட வேண்டும். வெளியே வர மறந்துவிட்டு, கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சு என்று பதறியவர்கள் உண்டு.

அடுத்து என்.வி.டி.ஏ. கீயுடன் 'என்' தட்டினால் மெனு திறக்கும். அதில் 'பிரிபரன்சஸ்' உள்ளே போனால் 'இன்புட் ஜெஸ்சர்ஸ்' என்று இருக்கும். எல்லா கீக்களின் ஜாதகமும் இங்கேதான் இருக்கிறது. வகை வகையாக பிரித்து அடுக்கி இருக்கும். ஒவ்வொன்றாக தேட வேண்டாம். 'பில்டர்' கட்டத்தில் ஆங்கிலத்தில் 'டைம்' என்று அடித்தால் அது சம்பந்தப்பட்டது மட்டும் நிற்கும். டேப் தட்டி பட்டியலுக்கு வந்து, மணி சொல்லும் வரியில் நின்று கொண்டு 'ஆட்' பட்டனை அழுத்த வேண்டும். இப்போது புது கீயை கேட்கும். என்.வி.டி.ஏ. கீயுடன் இசட் தட்ட வேண்டும்.

உடனே ஒரு சின்ன மெனு வரும். இந்த கீ லேப்-டாப் அமைப்புக்கு மட்டுமா, எல்லா அமைப்புக்குமா என்று கேட்கும். வேண்டியதை தேர்வு செய்து, கடைசியாக ஓ.கே. அழுத்த வேண்டும். எஸ்கேப் தட்டினால் செய்தது எல்லாம் வீண். பழைய எப்-12 கீயும் அப்படியே வேலை செய்யும். வேண்டாம் என்றால் அதே இடத்தில் அந்த கீயில் நின்று 'ரிமூவ்' கொடுக்கலாம்.

பட்டியலில் தேடியது கிடைக்கவில்லை என்றால் குழம்ப வேண்டாம். இந்த ஜன்னலை திறப்பதற்கு முன் எந்த இடத்தில் இருந்தோமோ, அங்கே செல்லுபடியாகும் கட்டளைகள்தான் இதில் வரும். இன்டர்நெட் பக்கம் படிப்பதற்கான கீயை மாற்ற வேண்டுமா? முதலில் பிரவுசரில் ஒரு பக்கத்தை திறந்து வைத்துக் கொண்டு, அங்கிருந்து இந்த மெனுவுக்கு வர வேண்டும். இது தெரியாமல் மணிக்கணக்கில் தேடியவர்கள் பலர்.

கன்ட்ரோல்-சி பக்கம் போகாதீங்க

இஷ்டம் போல மாற்றலாம் என்பதற்காக கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-எஸ் மாதிரி கீக்களில் கை வைக்கக் கூடாது. அப்புறம் காப்பி எடுக்கவும் முடியாது, சேவ் செய்யவும் முடியாது. தமிழ் டைப் அடிப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். என்.எச்.எம். ரைட்டர் போன்ற சாப்ட்வேரில் ஆல்ட் கீயுடன் ஒரு எண்ணை தட்டித்தான் தமிழுக்கு மாறுவார்கள். அதே கீயை இங்கேயும் கொடுத்தால் இரண்டும் மோதிக் கொள்ளும்.

ஒரு கையால் வேலை செய்பவர்களுக்கு வேறு யோசனை. என்.வி.டி.ஏ. கீயே இல்லாமல், ஒரே கீயில் கூட உத்தரவு வைக்கலாம். உதாரணத்துக்கு எப்-9. எக்செல்லில் இது கணக்கை திரும்ப போடும் கீ. அது தேவைப்படாதவர்கள் தாராளமாக எடுத்துக் கொள்ளலாம். என்றைக்காவது பழைய வேலை வேண்டும் என்றால், என்.வி.டி.ஏ. கீயுடன் எப்-2 தட்டி விட்டு எப்-9 தட்டினால், அந்த ஒரு முறை மட்டும் நேராக எக்செல்லுக்கு போய் விடும்.

தமிழுக்கு ஒரு கீ

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அதிகம் பயன்படக் கூடியது இதுதான். ஆங்கில குரலை வைத்திருந்தால் தமிழ் பக்கத்தை பெரும்பாலும் ஒழுங்காக படிக்காது. சில குரல்கள் வாயே திறக்காது. தமிழ் குரலுக்கு மாற்றினால் ஆங்கிலத்தை கடித்துத் துப்பும். ஒவ்வொரு முறையும் செட்டிங் உள்ளே போய் குரலை மாற்றுவது பெரிய தலைவலி.

இதை ஒரே கீயில் வைக்கலாம். என்.வி.டி.ஏ. கீ, கன்ட்ரோல், பி தட்டினால் 'கான்பிகரேஷன் புரொபைல்ஸ்' திறக்கும். 'நியூ' கொடுத்து, 'தமிழ்' என்று பெயர் வைத்து, 'மேனுவல்' என்பதை விட்டு வைத்து ஓ.கே. கொடுக்க வேண்டும். அதன்பிறகு என்.வி.டி.ஏ. கீ, கன்ட்ரோல், வி தட்டி குரலை தமிழுக்கு மாற்ற வேண்டும். என்.வி.டி.ஏ. கூடவே வரும் 'இ-ஸ்பீக்' குரலில் தமிழ் இருக்கிறது. கொஞ்சம் இயந்திரம் பேசுவது போல இருக்கும். வின்டோஸ் 10, 11-ல் தமிழ் குரலை சேர்த்துக் கொண்டால் ஆண் குரல் ஒன்று கிடைக்கும். மைக்ரோசாப்ட் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'வள்ளுவர்'!

பிறகு முன்பு சொன்ன 'இன்புட் ஜெஸ்சர்ஸ்' உள்ளே போனால், புரொபைல் வகையில் இந்த 'தமிழ்' புதிதாக வந்து நிற்கும். அதற்கு பிடித்த கீயை கொடுத்து விட்டால் போதும். ஒரு தட்டு தட்டினால் தமிழ், இன்னொரு தட்டு தட்டினால் பழையபடி ஆங்கிலம். ஆபீசில் இருந்து வரும் ஆங்கில கடிதத்தையும், அதற்கு தமிழில் அடிக்கும் பதிலையும் மாறி மாறி பார்க்கிறவர்களுக்கு இது எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தேவை இல்லை.

பென் டிரைவில் எடுத்து போகலாம்

மாற்றிய கீக்கள் எல்லாம் 'ஜெஸ்சர்ஸ்.ஐ.என்.ஐ.' என்ற ஒரு சின்ன பைலில் சேர்ந்து விடுகின்றன. கம்ப்யூட்டருக்கு பார்மட் போடும் முன் இதை காப்பி எடுத்து வைக்காவிட்டால் பட்ட பாடெல்லாம் போச்சு. அடுத்தவர் கம்ப்யூட்டரில் வேலை செய்யப் போகிறவர்கள் என்.வி.டி.ஏ. மெனுவில் 'டூல்ஸ்' போய், 'போர்ட்டபிள் காப்பி' என்பதை பென் டிரைவில் போட்டுக் கொள்ளலாம். அப்போது தன்னுடைய செட்டிங்கையும் சேர்த்து காப்பி எடுக்கச் சொல்லும் கட்டத்தை டிக் செய்ய வேண்டும். இன்ஸ்டால் செய்யாமலேயே அது ஓடும். சொந்த கீக்களும் கூடவே வரும்.

பணம் கொடுத்து 'ஜாஸ்' வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையை செய்ய அதில் 'கீ-போர்டு மேனேஜர்' இருக்கிறது. வின்டோசிலேயே இருக்கும் 'நரேட்டர்' கீக்களையும் அதன் செட்டிங்கில் மாற்றலாம். ஆண்ட்ராய்டு செல்போனில் 'டாக்-பேக்' பயன்படுத்துபவர்கள், விரலால் தடவும் சைகைகளை அதன் செட்டிங்கில் போய் மாற்றிக் கொள்ளலாம்.

மாற்றி மாற்றி வைத்து எது எதற்கு என்றே தெரியாமல் போய் விட்டதா? 'இன்புட் ஜெஸ்சர்ஸ்' ஜன்னலிலேயே 'ரீசெட்' பட்டன் இருக்கிறது. அதை அழுத்தி ஓ.கே. கொடுத்தால், புதுசாக வாங்கியபோது இருந்த மாதிரியே எல்லா கீயும் பழைய இடத்துக்கு வந்து விடும்.