தரவு வகையும் சிறப்பு எழுத்தும்: விசுவல் பேசிக் குறித்துச் சில கருத்துகள்

நிரல் மொழியொன்றில் மாறியின் வகையை வரையறுத்தல் என்பது, நினைவகத்தில் அதற்குரிய இடத்தையும் அதன்மீது நிகழத்தக்க செயல்களையும் முன்கூட்டியே தீர்மானித்தலாகும். 1991இல் வெளிவந்த விசுவல் பேசிக், தன் மூதாதையான பேசிக்கிடமிருந்து ஒரு சுருக்கக் குறியீட்டு முறையைச் சுவீகரித்துக்கொண்டது. மாறிப் பெயரின் ஈற்றில் நூற்றுவீதக் குறி நிற்பின் முழுவெண். டொலர்க் குறி நிற்பின் எழுத்துச் சரம். (பணத்துக்குரிய வகைக்கு டொலர்க் குறி கிட்டாமற்போனது சுவையான முரண்.)

எழுத்தைப் பொறுத்தவரை சிக்கல் ஆழமானது. 1998இன் ஆறாம் பதிப்பு சரத்தை அகத்தே யூனிகோட்டாகவே வைத்திருந்தது. ஆயினும் அதன் நிரற்பதிப்பியும் வழமையான உரைப்பெட்டியும் விண்டோசின் பழைய குறிப்பக்கங்களையே சார்ந்திருந்தன. தமிழுக்கு அத்தகைய பக்கம் இருக்கவில்லை. எனவே ககரத்தை 2965 என்னும் எண்ணால் ஆக்கவேண்டியிருந்தது. ஆக்கியபின்னும் பெட்டியில் வினாக்குறியே தோன்றியது. எவ்வெழுத்து இயல்பானது, எது 'சிறப்பு' என்பதை இங்கு நிர்ணயித்தது மொழியியலன்று, சந்தையே.

யூனிகோட் ஏற்கப்பட்டதோடு முரண்பாடு முற்றிலும் நீங்கிவிடவில்லை. 'தமிழ்' என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால் மொழி 5 என விடை தரும். உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதே காரணம். நம் இலக்கண மரபின்படி அதில் எழுத்து மூன்றே.