நாணலுக்கும் மூச்சு வேண்டும்

சிரியப் படைத்தலைவன் நாமானின் வரலாற்றை நாம் அறிவோம். யோர்தானில் ஏழு முறை மூழ்கி எழுமாறு இறைவாக்கினர் எலிசேயு சொல்லியனுப்பியபோது, இத்துணை எளிய வழியா என்று அவன் சினங்கொண்டான். 1950-களில் ஜெர்மனியிலும் அறிஞர் பலர் இவ்வாறே முகம் சுளித்தனர். பிளோன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கேத்தே சைடல் என்ற தாவரவியல் அம்மையார், ஏரிக்கரைக் கோரையைக் கொண்டு சாக்கடை நீரைத் தூய்மையாக்கலாம் என்றார். சாக்கடையில் செடி பிழைக்குமா என்று கேட்டவர்களே மிகுதி. செடி பிழைத்தது, நீரும் தெளிந்தது.

இன்று பல நாடுகளில் பரவியுள்ள அம்முறையை நாணற்பாத்தி எனலாம். நீர் கசியாத குழியில் சுமார் இரண்டடி ஆழத்துக்குச் சரளைக்கல் நிரப்பி, மேலே நாணலோ கோரையோ நடுகின்றனர். செப்டிக் டேங்கில் கசடு படிந்தபின் வரும் கழிவுநீர், கற்களின் ஊடே, வெளியே தெரியாமல் மெல்ல நகர்கிறது. ஆகவே கொசுவுக்கு அங்கே இடமில்லை. தூய்மை செய்வது செடியே என்று எண்ணத் தோன்றும். உண்மையில் பெரும்பகுதி வேலையைச் செய்பவை, கற்களின்மேல் வழுவழுப்பாகப் படர்ந்து வாழும் நுண்ணுயிர்களே.

இடர்ப்பாடும் இங்கேதான். அவற்றுக்கு உயிர்வளி வேண்டும். நாணல் தன் தண்டின் வழியாக வேருக்குக் காற்றை இறக்குகிறது என்பது மெய்யே. ஆனால் அதில் பெரும்பகுதி வேருக்கே செலவாகிவிடும். அம்மோனியாவிலுள்ள ஒரு கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற ஏறத்தாழ 4.6 கிராம் உயிர்வளி தேவை. ஏழை நாணல் இக்கடனை எங்ஙனம் தீர்க்கும்?

ஆதலால் பாத்தியின் அடியில் துளையிட்ட குழாய்களைப் பரப்பி, புளோயர் என்னும் ஊதுபொறியால் காற்றைச் செலுத்தும் முறை எழுந்தது. இதன் பயனை விமான நிலையங்களில் காணலாம். குளிர்காலத்தில் விமானங்களின்மீது உறையும் பனியை அகற்றக் கிளைக்கோல் என்ற திரவத்தைத் தெளிக்கின்றனர். அது ஓடையைச் சேர்ந்தால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சிவிட, மீன்கள் மூச்சுத்திணறி மாளும். லண்டன் ஹீத்ரோ நிலையத்தார் முதலில் வெறும் நாணற்பாத்திகளையே அமைத்தனர்; பின்னர் அவற்றுக்குக் காற்றூட்ட வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் பஃபலோ நயாகரா நிலையத்தார் 2009-இல் தொடக்கத்திலேயே காற்றூட்டிய பாத்திகளை அமைத்துக்கொண்டனர்.

இடமும் மிச்சமாகிறது. வெறும் பாத்திக்கு ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 5 சதுர மீட்டர் வேண்டுமெனில், காற்றூட்டிய பாத்திக்கு 1 சதுர மீட்டர் அளவே போதும். மாணவர் விடுதியோ கன்னியர் மடமோ நடத்துவோர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்க்கலாம். காற்றை இடைவிட்டு நிறுத்துவதில் ஒரு நுட்பமுண்டு: காற்றில்லா வேளையில் வேறுவகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைத்து, நைட்ரஜனை வானுக்கே அனுப்பிவிடுகின்றன.

இது செலவற்ற முறை என்று நாம் சொல்லமாட்டோம். மின்சாரம் நின்றால் காற்றும் நிற்கும். வெளிவரும் நீர் கண்ணாடிபோல் தெளிந்திருப்பினும் நோய்க்கிருமிகள் முற்றும் அழிந்திரா; தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சலாம், குடத்தில் ஏந்தலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் தொட்டியின் கசடை உரிய காலத்தில் அகற்றவேண்டும். அது வழிந்து சரளைக்கல்லின் இடுக்குகளை அடைத்துவிட்டால், எத்தனை ஊதுபொறி வைத்தும் பயனில்லை. கற்களை அள்ளிக் கழுவித்தான் மீண்டும் நிரப்பவேண்டிவரும்.