காவிரி போகிற வழியிலேயே சைக்கிளும் போகும்!

கல்லணையில் தொடங்கி பூம்புகார் கடற்கரையில் முடிகிற மாநில நெடுஞ்சாலை ஒன்று இருக்கிறது. அரசுப் பதிவேட்டில் அதன் பெயர் 'கல்லணை - காவிரிப்பூம்பட்டினம் சாலை'. நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் இந்தச் சாலைக்குக் காவிரிதான் வழித்துணை. சில இடங்களில் கரையை ஒட்டியே போகும். சில இடங்களில் வயலுக்கும் தோப்புக்கும் அப்பால் ஆறு மறைந்துவிடும். அடுத்த பாலத்தில் மறுபடி எட்டிப்பார்க்கும்.

காரில் போனால் மூன்று மணி நேரத்தில் கடந்துவிடலாம், ஒன்றையும் பார்க்காமல். சைக்கிளுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் முழுத் தூரத்துக்கும் ஆசைப்பட வேண்டாம். ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இது டெல்டா என்பதால் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. பாலம் ஏறி இறங்குவதுதான் மலை! கியர் சைக்கிள் இருந்தால்தான் போக முடியும் என்று நினைத்து யாரும் பின்வாங்க வேண்டியதில்லை. வீட்டில் தூசி படிந்து நிற்கும் சாதாரண சைக்கிளுக்குக் காற்றடித்து, பிரேக் கட்டையை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டால் போதும்.

தீவில் ஆரம்பம்

திருச்சிக்காரர்கள் திருவானைக்கோவிலிலிருந்து கிளம்பலாம். அங்கிருந்து கல்லணைக்கு 15 கி.மீ.க்குச் சற்று மேல். ஸ்ரீரங்கம் தீவின் கிழக்குப் பாதியைத்தான் இந்தச் சாலை கடக்கிறது. வலது பக்கம் காவிரி, இடது பக்கம் கொள்ளிடம், நடுவே வாழைத்தோட்டங்கள். உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று ஊர்ப் பெயர்களே அழகாக இருக்கும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் சூரியன் நேர் எதிரே எழும். கண்ணுக்கு ஒரு கூலிங் கிளாஸ் அவசியம். எதிரே வரும் லாரி தெரிய வேண்டுமே!

கல்லணையில் அரை மணி நேரம் நில்லுங்கள். கரிகாலன் கட்டியது, 329 மீட்டர் நீளம் என்பதெல்லாம் பிள்ளைகள் பாடப் புத்தகத்திலேயே படித்திருப்பார்கள். ஏன் கட்டினார்கள் என்பதை இங்கே நேரில் காட்டலாம். கொள்ளிடம் காவிரியைவிடத் தாழ்வான ஆறு. விட்டால் காவிரித் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும், தஞ்சை காய்ந்துவிடும். அந்தக் கசிவை அடைக்கத்தான் மணல் படுகையில் கல்லைப் போட்டு அணை எழுப்பினார்கள். வெள்ளம் வந்தால் உபரி நீர் கொள்ளிடத்துக்கு, மற்ற நாளில் தண்ணீர் பாசனத்துக்கு. 19-ம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் இதை ஆராய்ந்து வியந்தார். மேலே முக்கொம்பில் அவர் எழுப்பிய அணை 1836-ல் வந்தது. அதில் கொள்ளிடம் பக்க மதகுகள் ஒன்பது, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. கரிகாலன் காலத்து அஸ்திவாரம் இன்னும் கீழே இருக்கிறது!

பொரித்த மீன் வாசனை வண்டியை நிறுத்தச் சொல்லும். சாப்பிடுங்கள். ஆற்றில் மட்டும் இறங்காதீர்கள். மதகுகளுக்குக் கீழே தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் சுழல் இருக்கும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீர் வந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். முழங்கால் ஆழம் என்று நினைத்து வைக்கிற அடுத்த அடி தலை முழுகும் ஆழமாக இருக்கலாம். வெளியூரிலிருந்து குளிக்க வந்து உயிரை விட்டவர்களைப் பற்றிய செய்தி இல்லாத வருஷம் கிடையாது. குளித்தே தீர வேண்டும் என்றால், ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில், அவர்களிடம் கேட்டுவிட்டு, படியிலேயே நின்று குளியுங்கள். நீச்சல் தெரியும் என்பது இங்கே செல்லுபடியாகாது.

திருவையாறு வரை: இதுதான் சிறந்த துண்டு

முழு வழியில் ஒரே ஒரு துண்டைத்தான் பார்க்க முடியும் என்றால், கல்லணை - திருவையாறு துண்டையே பரிந்துரைப்பேன். சுமார் 30 கி.மீ. பெரிய ஊர் என்று பார்த்தால் நடுவே திருக்காட்டுப்பள்ளி மட்டும்தான். வழியில் கோவிலடியில் அப்பக்குடத்தான் பெருமாள் இருக்கிறார். அவருக்குத் தினமும் அப்பம்தான் நிவேதனம். சைக்கிள் மிதித்துப் பசியோடு வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சாமி ஏது?

பொதுவாக ஆறு கடலை நெருங்க நெருங்க அகலமாகும் என்றுதான் படித்திருப்போம். இங்கே தலைகீழ். குடமுருட்டி, அரசலாறு, மண்ணியாறு என்று பிள்ளைகளுக்குச் சொத்தைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே போய், கடைசியில் மெலிந்து நிற்கிறாள் காவிரி. வரைபடத்தில் புரியாத இந்த விஷயம், கல்லணைப் பாலத்தையும் மயிலாடுதுறைப் பாலத்தையும் ஒரே பயணத்தில் சைக்கிளில் கடந்தால் புரிந்துவிடும்.

திருவையாற்றில் தியாகராஜர் சமாதி ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. ஆராதனை நடக்கும் ஜனவரி நாட்களைத் தவிர மற்ற நேரங்களில் அங்கே அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். பிறகு புஷ்ய மண்டபப் படித்துறை. பிறகு, கட்டாயம், நெய் ஒழுகும் அசோகா.

இங்கிருந்து கும்பகோணம் போகிற வழியில் திங்களூர். திருநாவுக்கரசர் பெயரில் அப்பூதியடிகள் தண்ணீர்ப்பந்தல் வைத்த ஊர். அவர் காலத்து வழிப்போக்கர்களுக்கு இருந்த வசதி நமக்கு இல்லை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம், மிருதங்க வித்வான் சிவராமனின் உமையாள்புரம் தாண்டினால் சுவாமிமலை. இங்கே பஞ்சலோகச் சிலை வார்க்கும் ஸ்தபதிகள், மெழுகு உருவத்தின்மேல் பூசக் காவிரியின் வண்டல் மண்ணைத்தான் பயன்படுத்துகிறார்கள். பட்டறைகளில் அனுமதி கேட்டுப் பார்க்கலாம்.

கும்பகோணத்தில் தங்கிவிடுங்கள். காபி பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

காற்று, நெல், பள்ளிக்கூட மணி

திருபுவனம், ஆடுதுறை, குத்தாலம் வழியாக மயிலாடுதுறை வரையான பகுதி, உண்மையைச் சொன்னால், சைக்கிளுக்கு அவ்வளவு சுகமில்லை. பஸ்ஸும் லாரியும் அதிகம், சாலை ஓரம் குறைவு. குடும்பத்தோடு போகிறவர்கள் இந்தத் துண்டை விட்டுவிடலாம்.

எப்போது போவது? மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். நீர் இருப்பு குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும். ஏப்ரல், மே மாதங்களில் ஆற்றில் மணல்தான் இருக்கும், வெயிலும் கொல்லும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஜனவரியில் வயலும் பார்க்க அழகு, ஆற்றிலும் தண்ணீர், வெயிலும் இதம்.

ஆனால் காற்றையும் கணக்கில் எடுங்கள். ஆடி மாதத்தில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். கல்லணையிலிருந்து கிழக்கே போகிறவரைப் பின்னாலிருந்து தள்ளிவிடும். அதே காற்றில் திரும்பி மிதித்துப் பார்த்தால் அம்மி பறந்த கதை நிஜமென்று தோன்றும். ஜனவரியில் வடகிழக்குக் காற்று முகத்தில் அடிக்கும், கொஞ்சம் மெதுவாகப் போகத் தயாராக இருங்கள். ஆடிப்பெருக்கு அன்று மட்டும் இந்தப் பக்கம் சைக்கிளோடு வர வேண்டாம், கூட்டத்தில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். விவசாயிக்கு வேறு களம் இல்லை, அதன்மேல் ஏற்றிவிடாதீர்கள். ஓரத்தில் அணைப்பாக வைத்த கற்கள் இருட்டியபின் தெரியாது. அதனால் மாலை ஐந்தரைக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துவிடுவது நல்லது. நாய் துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் பெரும்பாலும் ஆர்வம் இழந்துவிடும். கருவேல முள்ளுக்குப் பயந்து மாற்று டியூப் எடுத்துச் செல்லுங்கள். விலை உயர்ந்த சைக்கிள்களில் வரும் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கு ஊர்ப் பஞ்சர் கடை பம்ப் பொருந்தாது.

காலை எட்டரைக்கும் மாலை நாலேகாலுக்கும் இந்தச் சாலையின் நிஜ உரிமையாளர்கள் வருவார்கள், சீருடையில். 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பின்னர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்தது. அந்தப் பெண்களும் பையன்களும் ஹெல்மெட் இல்லாமல், பஸ் ஹாரனுக்கு மண்ணில் இறங்கி ஏறி, தினமும் மிதிக்கிற வழி இது. பூச்செடி வைத்த சுற்றுலாப் பாதையைவிட, இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் அகலத்துக்குத் தார் போட்ட ஓரம்தான் இங்கே முதல் தேவை. நீங்கள் போகும்போது அந்தப் பிள்ளைகளை அணிவகுத்து முந்தாதீர்கள், மணியடித்து, இடம் விட்டுப் போங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து கடைசி 24 கி.மீ. மறுபடி சுகம். வாகனங்கள் குறைந்து, காற்றில் உப்பு வாசனை ஏறும். மேலையூரில் கடைசித் தடுப்பணை. அதற்குப் பிறகு, கல்லணையில் பார்த்த காவிரி இதுவா என்று கேட்கும் அளவுக்கு ஒரு வாய்க்கால்போல ஒடுங்கிக் கடலில் கலக்கிறது. பூம்புகாரில் 1973-ல் திறந்த ஏழுநிலைச் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டு, மயிலாடுதுறைக்குத் திரும்பி ரயிலேறலாம். கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயில்கள் உண்டு. சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதால், எந்த ரயிலில் ஏற்றுவார்கள் என்பதை முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.