துருப்பிடித்த கதவு

விருதுநகர்ச் சீமையில் மழை அபூர்வம். வானம் பார்த்த கரிசல் பூமி. ஈரமில்லாத இந்தக் காற்றை நம்பியே சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் பிழைத்து வருகின்றன. இவ்வளவு வறண்ட பிரதேசத்தில் இரும்பு துருப்பிடிக்குமா என்று நேயர்களுக்குச் சந்தேகம் தோன்றலாம். நம் பள்ளிக்கூடத்து வாசல் கதவைச் சில வருஷங்களுக்கு முன் பார்த்திருந்தால் அந்தச் சந்தேகம் நிவர்த்தியாகியிருக்கும்.

ஒவ்வோர் ஆண்டும் ஆண்டு விழாவுக்கு முன்னால் அந்தக் கதவுக்குப் பச்சை வர்ணம் பூசுவார்கள். விழாவன்று அது கல்யாண மாப்பிள்ளை போல் ஜ்வலிக்கும். ஐப்பசி மழை இரண்டு விழுந்ததோ இல்லையோ, வர்ணம் கொப்புளித்து எழும்பும். பையன்கள் அதை நகத்தால் உரித்து விளையாடுவார்கள். உள்ளே பார்த்தால் செம்புழுதி! ஒருமுறை வர்ணம் பூசும் பெரியவரிடம் இதைப் பற்றிச் சற்றுக் கடிந்தே பேசிவிட்டோம்.

"வாத்தியாரய்யா, துருவைச் சுரண்ட ஒரு நாள் கூலி கேட்டா யாரு தாராங்க? பூசுறதுக்கு மட்டுந்தானே காசு கொடுக்கிறீக!" என்றார் அவர்.

நாம் வாயை மூடிக்கொண்டோம். ரஸாயன சாஸ்திரத்தில் பட்டம் பெற்று இருபது வருஷமாகப் பாடம் சொல்லிக் கொடுத்தும், அந்த ஒரு நாள் கூலியின் அருமை நமக்குத் தெரியாமல் போயிற்று.

இரும்பு, ஜலம், பிராணவாயு இம்மூன்றும் சேர்ந்த இடத்தில் துரு உண்டாகிறது. காற்றின் ஈரம் நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் ஏறினாலே போதும். மழை பெய்ய வேண்டும் என்பதில்லை. துரு, தான் தின்ற இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் அடைத்துக்கொள்ளும். பஞ்சு போல் ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதன்மேல் வர்ணம் பூசினால், வர்ணம் பற்றிக்கொள்வது இரும்பை அல்ல, உதிரும் புழுதியையே. உள்ளே அடைபட்ட ஈரம் வேலையைத் தொடருகிறது. மேலே நாம் பூசிய பச்சை பிதுங்கிக் கிளம்புகிறது.

சுரண்டி எடுத்த பிறகும் இரும்பின் குழிகளில் கொஞ்சம் துரு தங்கிவிடும். அதை வேறொரு பொருளாக மாற்றிவிடுவதுதான் ரஸாயன முறையின் யுக்தி. இதற்கு இரண்டு மருந்துகள் பெயர் பெற்றவை. ஒன்று பாஸ்பாரிக் அமிலம். இது துருவைத் தின்று, இரும்பின்மேல் ஜலத்தில் கரையாத பாஸ்பேட் படலம் ஒன்றை விட்டுச் செல்கிறது. இங்கிலாந்தில் காஸ்லெட் என்பவர் 1906-இல் பாஸ்பேட் பூச்சுக்கு உரிமை பெற்றார். அதற்குப் பிறகு மோட்டார் வண்டி முதல் தையல் இயந்திரம் வரை இம்முறை பரவிற்று.

மற்றொன்று டானிக் அமிலம். இது நமக்குப் புதிதல்ல. கடுக்காயை நசுக்கி ஊறவைத்து, அன்னபேதி சேர்த்து மை காய்ச்சிய தாத்தாக்களைக் கேட்டால் தெரியும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்புச் சத்தும் கூடினால் அழியாத கருநீலம். துருவின்மேல் டானிக் அமிலம் பட்டாலும் அதே கருமைதான் வருகிறது. இன்று கடைகளில் டப்பாவில் விற்கும் 'துரு மாற்றி' பலவற்றின் ஸாரம் இந்தக் கடுக்காய் மையே என்றால் நேயர்கள் நம்புவது கடினம்!

பாஸ்பேட்டின் மகிமைக்குச் சான்று தில்லியில் நிற்கிறது. மெஹ்ரோலி இரும்புத் தூண் ஏறக்குறைய 1,600 வருஷங்களாக மழையிலும் வெயிலிலும் நின்றும் அதிகம் துருப்பிடிக்கவில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் இருந்த பேராசிரியர் பாலசுப்பிரமணியம் அதை ஆராய்ந்தார். பழைய கொல்லர்கள் கரியிட்டு உருக்கிய அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் இரும்பின்மேல் மெல்லிய பாஸ்பேட் கவசம் தானாகவே உண்டாகிவிட்டது என்று அவர் விளக்கினார். தீப்பெட்டியின் பக்கத்தில் பூசுகிறார்களே, அதே பாஸ்பரஸ்தான்!

நம் கதவுக்கு வருவோம். பெரியவருக்கு இரண்டு நாள் கூலி பேசி, முதலில் சோப்பு நீரால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவினோம். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, தளர்ந்த துருவை உதிர்த்தோம். அமிலத்தை ஜலத்தில் சிறிது சிறிதாக ஊற்றினோம். ஜலத்தை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அவசியம். பூசிய சிறிது நேரத்தில் செந்நிறம் மாறிச் சாம்பல் படர்ந்தது. மீந்த அமிலத்தை நன்றாகக் கழுவி உலர்த்தி, அன்று மாலையே செங்காவி நிற முதல் பூச்சு. கழுவாமல் விட்ட அமிலம், துருவைவிட மோசமாக வர்ணத்தைக் கிளப்பிவிடும். (அந்தச் செங்காவியிலும் இருப்பது இரும்பு ஆக்ஸைடே. துருவின் உறவினனைக் கொண்டே துருவைத் தடுக்கிறோம்!)

கடலோரத்தில் கதை வேறு. பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்டது. உப்புக் காற்றோடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் மல்லாடி, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்துக்கு விடைகொடுத்தது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்டது. உப்பு ஒட்டிய இரும்பை முதலில் நல்ல நீரால் கழுவாவிட்டால் எந்த மருந்தும் பலிக்காது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்க, காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார், மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை நிறுத்திவைத்து இந்த அரிப்பைப் பல்லாண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

இவ்வளவும் எழுதத் தூண்டியவன் நம் பழைய மாணவன் ஒருவன். சிவகாசிக்கு அருகே ஒரு பட்டாசுச் சாலையில் மேற்பார்வை பார்க்கிறான். "சார், எங்கள் வேலிக் கதவு துருப்பிடித்துவிட்டது. வெள்ளி பெயிண்ட் அடித்துவிடட்டுமா?" என்று கேட்டான். "செய்யேன்" என்று சொல்ல வாயெடுத்த நாம், ஏனோ ஒரு நாள் அவகாசம் கேட்டோம்.

நல்ல வேளை! வெள்ளி பெயிண்ட் என்பது அலுமினியப் பொடி. துருவும் அலுமினியமும் சேர்ந்தால் தெர்மைட். ரயில் தண்டவாளங்களை இணைக்க, உருகிய இரும்பை ஊற்றெடுக்கச் செய்வது இந்த வினைதான். துருவின்மேல் பூசிய அலுமினிய வர்ணத்தின்மேல் பலமாக ஓர் இரும்பு மோதினால், அந்த இடத்தில் கொழுந்து போன்ற பொறி பறக்கக்கூடும். சுரங்கங்களில் இதைக் குறித்து எச்சரித்திருக்கிறார்கள். பட்டாசுச் சாலைக்கு ஒரு பொறி என்றால் என்ன? 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் வெந்து மாண்டார்கள். அதற்குக் காரணம் துரு அல்ல. ஆனால் அந்தப் புகையை மறந்தவர் இப்பக்கம் யாருமில்லை.

அமிலமும் அங்கே போகலாகாது. உலோகப் பொடியில் பட்டால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். குளோரேட் கலந்த மருந்தில் கந்தக அமிலம் ஒரு சொட்டு விழுந்தாலே தீ. அரைக்கும் மின் சக்கரத்தையோ சொல்ல வேண்டாம்.

ஆகவே கதவைக் கீல்களிலிருந்து கழற்றி, ஊருக்குள் ஒரு பட்டறைக்கு வண்டியில் ஏற்றி அனுப்பச் சொன்னோம். முதலாளி முணுமுணுத்தாராம், இரண்டு நாள் வேலிக்கு மூங்கில் படல் கட்டி, ஓர் ஆளைக் காவல் வைக்க வேண்டியிருந்ததாம். கதவு செங்காவியும் கரும்பச்சையும் பூண்டு திரும்பியது. அலுமினியம் துளியும் இல்லை.

நம் பள்ளிக் கதவு இரண்டு ஐப்பசிகளைக் கடந்துவிட்டது. கீழ் மூலையில் மட்டும் உள்ளங்கையளவு கொப்புளம். அன்று மாலை இருட்டுகிறதே என்று, ஈரம் உலருமுன் அங்கே பூசச் சொன்னது நாம்தான். பெரியவர் வேண்டாம் என்றுதான் சொன்னார்.